எதைக் கொண்டு அளந்தீர்கள்

கரட்டுப்பாளையம்,
18-1-1937

மேட்டூரில் இருக்கும் கொழுந்தனாருக்குக் காளியாத்தாள் எழுதுவது.

பொங்கலுக்கு வருவீர்கள் என்று பார்த்திருந்து ஏமாந்தோம். வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது. உங்கள் அண்ணனை ஒரு பொழுது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலே விளங்கிவிடும்.

அவருக்கு உடம்பு சரியில்லை. வலது கை சும்மா இருக்கும்போது ஆடுகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கால்தான் பயமாக இருக்கிறது. வாசற்படிக்கு முன்னால் வந்ததும் இரண்டு காலும் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன. "தாண்டுங்க" என்றால், "தாண்டத்தான் பாக்கறேன் புள்ளே, காலு கேக்க மாட்டேங்குது" என்கிறார். முகத்தில் சிரிப்பே வருவதில்லை. ஊரில் இருக்கிறவர்கள் அவருக்குக் கொழுப்பு ஏறிவிட்டது, பார்த்தும் பாராமல் போகிறார் என்று பேசிக்கொள்கிறார்கள். சட்டைப் பித்தானை நான்தான் போட்டுவிடுகிறேன்.

நம் கிணற்றின் ஏற்பாடு உங்களுக்குத் தெரிந்ததுதான். நமக்கு ஒரு முறை, பங்காளி மருதாசலத்துக்கு ஒரு முறை. முறைக்காரன் தன் கையால் மாடு ஓட்டி, தோல் சாலில் தண்ணீரை மேலே இழுத்துக் கவலை இறைக்க வேண்டும். இறைக்காமல் விட்டால் தண்ணீர் மற்றவனுக்கு. முடியாதவன் என்று கூடப் பிறந்தவன் வந்து ஊர்ப் பெரியவர்கள் முன்னால் சொன்னால்தான் ஆள் விட்டு இறைக்கலாம். நம் தாத்தா காலத்தில் பேசி வைத்தது. பெண்டாட்டி சொன்னால் ஏற்க மாட்டார்களாம்.

நம் காட்டில் கூலி வேலை செய்யும் ரங்கன் இறைத்துக் கொடுக்கத் தயாராக இருக்கிறான். நீங்கள் ஒரு நடை வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போங்கள். கிணற்று மேட்டில் அவர் மாடுகளோடு பின்பக்கமாகவே கிணற்றை நோக்கி நடந்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே விழுந்துவிடுவாரோ என்று நினைக்கிறேன்.

காளியாத்தாள்


மேட்டூர்,
27-1-1937

நங்கையார் காளியாத்தாள் அவர்களுக்குச் செங்கோட்டையன் தெரிவிப்பது.

கடிதம் கிடைத்தது. அணைக்கட்டு ஆபீசில் வருஷக் கணக்கு முடிக்கும் சமயம், நினைத்தபோது கிளம்ப முடியாது. தை மாதக் குளிரில் கை நடுங்காதவர் யார்? அண்ணன் வெயிலும் மழையும் பார்த்த உடம்பு. ஒரு நல்ல எண்ணெய்க் குளியல் போட்டால் சரியாகிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

"முடியாதவன்" என்று ஊர் நடுவில் நின்று சொல்வது லேசான காரியமில்லை. என் மகள் சௌந்திரத்துக்கு மோகனூர்ப் பக்கம் ஓர் இடம் பேசிக்கொண்டிருக்கிறோம். பெரியப்பனுக்கு நடுக்குவாதம் என்று நானே ஊரைக் கூட்டிச் சொன்னால் பெண் கேட்டு எவன் வருவான்? ரத்தத்தில் வருகிற வியாதி என்பார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கை இதில் இருக்கிறது.

ஆனாலும் நீங்கள் எழுதியதைத் தள்ளவில்லை. சேலத்தில் நல்ல டாக்டர் ஒருவர் இருக்கிறார். அண்ணனை அழைத்து வாருங்கள், நானும் வந்துவிடுகிறேன். எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்று அவர் அளந்து சொல்லட்டும். அவர் எழுதிக் கொடுப்பதற்கு நான் கட்டுப்படுகிறேன்.

செங்கோட்டையன்


கரட்டுப்பாளையம்,
20-2-1937

கொழுந்தனாருக்கு,

சேலத்தில் டாக்டர் கொடுத்த காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நீங்கள் மேட்டூர் பஸ் ஏறிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன்.

டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். பொறுமையான மனிதர். மூக்கைத் தொடச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், பெயர் எழுதச் சொன்னார், நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். எழுத்து போகப் போக எறும்பு மாதிரிச் சிறுத்துப் போனதையும் கவனித்தார். அப்புறம் தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னாரே, அங்கேதான் எல்லாம் கெட்டது.

அந்தத் தாழ்வாரம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. உங்கள் அண்ணன் ஒவ்வொரு கட்டமாகத் தாண்டித் தாண்டி மாப்பிள்ளை நடை நடந்தார். நானே வாயைப் பிளந்து நின்றேன். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு, "லேசாத்தான் இருக்கு, சாதாரண வேலையெல்லாம் செய்யலாம்" என்று எழுதிவிட்டார். உங்கள் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது.

நீங்கள் போன பிறகு கேட்டுக்கு வெளியே வந்தோம். மண் தரை. கால் ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்த வண்டிக்காரன் கத்துகிறான், பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், இவர் நட்ட கல்லாக நிற்கிறார். நான் முன்னால் போய் என் காலைக் குறுக்கே நீட்டி, "இதைத் தாண்டுங்க" என்றேன். தாண்டினார். அப்படியே ஒவ்வோர் அடிக்கும் என் காலை வைத்து வைத்துப் பஸ் வரை கூட்டி வந்தேன். பார்த்தவர்கள் புருஷனைத் தன் காலைத் தாண்ட வைக்கிறாள் என்று சிரித்தார்கள்.

கண்ணுக்குக் கோடு தெரிந்தால் நடக்கிறார், தெரியாவிட்டால் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நம் வீட்டில் கட்டம் போட்ட தரை இல்லை, கிணற்று மேட்டிலும் இல்லை. டாக்டர் அளந்தது தன்னுடைய தாழ்வாரத்தைத்தான். வீட்டுக்கு வந்து ஒரு நாள் இருந்து பாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

காளியாத்தாள்


மேட்டூர்,
3-3-1937

நங்கை அவர்களுக்கு,

வரவில்லை, வரவில்லை என்று எழுதுகிறீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை வந்தேன். சொல்லாமல் வந்தேன். பனைமரத்து வரப்பில் நின்று பார்த்தேன்.

அண்ணன் கவலை ஓட்டிக்கொண்டிருந்தார். செவலைக் காளையும் மயிலைக் காளையும் பள்ளத்தில் இறங்க, சால் நிறையத் தண்ணீர் மேலே வர, திரும்ப மாடுகளைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து கிணற்று வாய்க்கு வந்து, டக்கென்று நின்றார். கால் எங்கேயும் ஒட்டவில்லை. போதாததற்குப் பாட்டு வேறு. அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்த அதே பாட்டு.

"பின்னே வாடா செவலே
பிள்ளையாரு காவலே
முன்னே போடா மயிலே
மூலைப் பாத்தி பாயவே, ஓ!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷம் கோபம் வந்தது. பாடிக்கொண்டு கவலை ஓட்டுகிற மனிதரையா "முடியாதவர்" என்று ஊரில் போய்ச் சொல்லச் சொல்கிறீர்கள்? டாக்டர் காகிதமும் அதையே சொல்கிறது, என் கண்ணும் அதையே சொல்கிறது. ரங்கன் உங்கள் பிறந்த ஊர்க்காரன் என்பதும் எனக்குத் தெரியும். இதற்கு மேல் நான் எழுத விரும்பவில்லை.

வீட்டுக்குள் வந்தால் வாய் தடித்துவிடும் என்று அப்படியே திரும்பிவிட்டேன்.

செங்கோட்டையன்


கரட்டுப்பாளையம்,
10-3-1937

கொழுந்தனாருக்கு,

பிறந்த வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் திருடன் மாதிரி வரப்பில் நின்றுவிட்டுப் போயிருக்கிறீர்கள். இதை உங்கள் அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் முகம் அசையாது, ஆனால் கண்ணில் தண்ணீர் வரும். அந்தக் கண்ணை நான்தான் துடைக்க வேண்டும்.

நீங்கள் பார்த்தது பொய் இல்லை, பாதிதான் பார்த்தீர்கள். அவரை நடக்க வைப்பது அந்தப் பாட்டு. டாக்டர் வீட்டுக் கட்டம் மாதிரி அது. பாட்டின் அடிக்கு அடி கால் எடுக்கிறார். கடைசியில் அந்த "ஓ" வருகிறதே, அதில்தான் நிற்கிறார். நடப்பதற்கு மட்டுமல்ல, நிற்பதற்கும் அவருக்குப் பாட்டு வேண்டும். போன வாரம் இருமல் வந்து பாட்டு அறுந்தது. பின்பக்கமாக வந்துகொண்டிருந்தவர் நிற்காமல் குடுகுடுவென்று குட்டி அடியாக வைத்துக் கிணற்று வாய்க்கே வந்துவிட்டார். வடக்கயிற்றைப் பிடித்ததால் தப்பினார்.

அந்தப் பாட்டும் இப்போது தேய்கிறது. நீங்கள் பனைமரத்தடியில் கேட்ட குரல் இன்று வாய்க்கால் வரைகூட வருவதில்லை. வாயில் ஏதோ முணுமுணுக்கிறார், மாட்டுக்கே கேட்கவில்லை. குரல் போய்விட்டால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரங்கன் என் ஊர்க்காரன் என்பது உண்மைதான். அவனுக்குப் பதில் உங்களுக்குப் பிடித்த யாரையாவது வையுங்கள். உங்கள் காலில் விழுகிறேன் சாமி, அந்த ஒரு வார்த்தையை வந்து சொல்லுங்கள்.

காளியாத்தாள்


கரட்டுப்பாளையம்,
2-4-1937

கொழுந்தனாருக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அவருக்குக் குரல் அடங்கிவிட்டது. போன முறையில் மாடு பாதி வழியில் நின்றது, அவரும் நின்றார். மிளகாய்ப் பாத்தி காய்ந்து கிடக்கிறது. மருதாசலம் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் தண்ணீர் என்றால் யாருக்கும் ஆசைதானே.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மடை திருப்பிக்கொண்டிருந்த இடத்திலிருந்தே நான் பாடினேன். ஆண்கள் பாடுகிற பாட்டு, பெண்பிள்ளை வாயில் வரக் கூடாது என்பார்கள். வந்துவிட்டது. முதல் அடிக்கே மாடு காதைத் தூக்கியது, இரண்டாவது அடிக்கு அவர் காலைத் தூக்கினார். "ஓ" என்று நான் இழுத்ததும் கிணற்று வாயில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து நம் முறை வரும் நாளெல்லாம் நான் பாடுகிறேன், அவர் இறைக்கிறார். பக்கத்துக் காட்டில் களை எடுப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். "காளியாத்தா பாட்டுக்காரி ஆயிட்டாடோய்" என்று கூவுகிறார்கள். கூவட்டும். ஆனால் வெயிலில் நாள் முழுக்கப் பாடித் தொண்டை புண்ணாகிவிட்டது. எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை. சீக்கிரம் வாருங்கள்.

காளியாத்தாள்


மேட்டூர்,
14-4-1937

நங்கைக்கு,

சித்திரை பிறந்ததும் எழுத வேண்டிய கடிதமா இது? நேற்று மோகனூர்க்காரர் என் ஆபீசுக்கே வந்துவிட்டார். திருச்செங்கோட்டுச் சந்தையில் ஊர் பேசுகிறதாம், கரட்டுப்பாளையத்தில் ஒருத்தி காட்டில் நின்று கவலைப் பாட்டுப் பாடிப் புருஷனை மாட்டோடு மாடாக ஓட்டுகிறாள் என்று. "அது உங்க அண்ணன் ஊடுதானுங்களே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா என்றிருந்தது.

என் மகள் கல்யாணத்தைவிடவா உங்கள் மிளகாய்ப் பாத்தி பெரிது? இந்தக் கடிதம் கண்ட நாளிலிருந்து கிணற்றுப் பக்கம் உங்கள் வாயிலிருந்து ஒரு சத்தம் வரக் கூடாது. அண்ணனால் முடிந்தால் பேசாமல் இறைக்கட்டும். ஆவணியில் கல்யாணம் முடியட்டும், பிறகு நானே வந்து என்ன சொல்ல வேண்டுமோ சொல்கிறேன். அதுவரை பொறுக்க முடியாதா?

இதை அண்ணனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

செங்கோட்டையன்


கரட்டுப்பாளையம்,
1-5-1937

கொழுந்தனாருக்கு,

நீங்கள் சொன்னபடி உங்கள் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். கடிதத்தைத் தன் கையில் வாங்கிப் பார்த்தார். அப்புறம் காதை வாயருகே வைத்தால்தான் கேட்கும் குரலில், "தம்பி எழுதிட்டானில்ல, உடு புள்ளே. பாடாதே. சௌந்திரம் நல்லா இருக்கோணும்" என்றார்.

"ஏனுங்க, அப்பறம் எப்பிடி நிப்பீங்க?" என்று கேட்டேன்.

"மனசுக்குள்ளயே பாடிக்கறேன்" என்றார்.

முதல் முறை எப்படியோ ஒப்பேறியது. செவ்வாய்க்கிழமை இரண்டாவது முறை. நான் மடையில் மண்வெட்டியோடு வாயை இறுக்கிக்கொண்டு நின்றேன். சால் மேலே வந்து கொட்டியது. மாடுகளைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். அடி சிறுத்தது, சிறுக்கச் சிறுக்க வேகம் கூடியது. மனசுக்குள் பாடிய பாட்டு எங்கே அறுந்ததோ. கிணற்று வாய்க்கு வந்ததும் மாடு பழக்கத்தில் நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை.

"ஓ" என்று என் தொண்டை வரை வந்தது. உங்கள் கடிதம் அதை அங்கேயே பிடித்துக்கொண்டது. ஒரு மூச்சு நேரம்தான். நான் கத்தியபோது மேட்டில் யாரும் இல்லை.

என் சத்தம் கேட்டுக் காட்டில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள்; ரங்கன் கிணற்றுக்குள் குதித்தான். வடத்தில் அவரைக் கட்டினான். மேலே இழுக்க மாடுகள் நகரவில்லை; கூச்சலில் மிரண்டு நின்றன. அடித்தும் பார்த்தார்கள். அப்போது மருதாசலம் என்னைப் பார்த்து, "பாடு ஆத்தா, பாடு" என்றார். அந்தக் காடே நின்று பார்க்க நான் பாடினேன். மாடு நகர்ந்தது. அவர் மேலே வந்தார். யாரும் சிரிக்கவில்லை.

உயிர் இருக்கிறது. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

காளியாத்தாள்


மேட்டூர்,
6-5-1937

நங்கை அவர்களுக்கு,

கடிதம் கண்டு பதறிப்போனேன். சேலம் டாக்டரிடம் ஓடினேன். இந்த வயதில் இடுப்பு கூடுவது கஷ்டம், அசைக்காமல் படுக்க வைக்கச் சொல்கிறார். பழைய காகிதத்தைக் கிழித்துவிட்டு, முழுதும் முடியாதவர் என்று புதிதாக எழுதிக் கொடுத்தார். அதையும், ஊர்ப் பெரியவர்களுக்கு நான் எழுதிய கடிதத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ரங்கனே இறைக்கட்டும். அவனுக்கு என்ன கொடுக்க வேண்டுமோ என் பங்கிலிருந்தே கொடுத்துவிடுங்கள். இனி உங்களை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

லீவு கேட்டிருக்கிறேன். மோகனூர்க்காரர் இந்த மாதக் கடைசியில் நிச்சயத்துக்குத் தட்டு மாற்ற வருகிறேன் என்கிறார், அது முடிந்ததும் எப்படியும் வந்து பார்க்கிறேன். அண்ணன் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

செங்கோட்டையன்


கரட்டுப்பாளையம்,
17-5-1937

கொழுந்தனாருக்கு,

இரண்டு காகிதமும் வந்தன. பெரியவர்கள் படித்துப் பார்க்கவில்லை. "எதுக்குங்க காயிதம், அதுதான் கண்ணுலயே தெரியுதே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். படுத்துக் கிடக்கிற மனிதனை அளக்க யாருக்கும் டாக்டர் தேவைப்படவில்லை. நிற்கிற காலத்தில்தான் எல்லோரும் அளந்தீர்கள். எதைக் கொண்டு அளந்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது. ரங்கன் இறைக்கிறான், மிளகாய் தழைத்திருக்கிறது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது எழுதுவது வேறு விஷயம். கஞ்சியை வாயில் ஊற்றினால் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார். விழுங்க வேண்டும் என்பது தெரிகிறது, தொண்டை கேட்பதில்லை. காலுக்கு வந்தது இப்போது தொண்டைக்கு வந்திருக்கிறது. என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, பாடிப் பார்த்தேன். "பின்னே வாடா செவலே" என்றதும் ஒரு மடக்கு இறங்கியது. "பிள்ளையாரு காவலே" என்றதும் இன்னொன்று. ஓர் அடிக்கு ஒரு மடக்கு. இப்படித்தான் அவர் இத்தனை நாள் உயிரோடு இருக்கிறார்.

முந்தாநாளிலிருந்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. காற்றுத்தான் வருகிறது, சத்தம் வரவில்லை. ரங்கனைப் பாடச் சொன்னேன். அவன் பாட்டு வேறு, அடி வேறு, அவர் இருமிப் புரையேறி நீலம் பூத்துவிட்டார். அந்தப் பாட்டு உங்கள் அப்பா உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் சொல்லிக் கொடுத்தது. நான் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். இப்போது ஊரில் அது தெரிந்தவர் யாரும் இல்லை. நேற்றிலிருந்து அவர் வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை.

உங்களைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டிருந்தீர்கள். தட்டு மாற்றும் நாள் என்றைக்கு என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை மருதாசலமே கையில் கொண்டு வருகிறார். அவரோடு பஸ் ஏறிவிடுங்கள். லீவு கிடைத்ததா, மோகனூர்க்காரர் என்ன நினைப்பார் என்று பார்க்க வேண்டாம். காகிதமும் ஒன்றும் கொண்டு வர வேண்டாம். கஞ்சி காய்ச்சி வைத்திருக்கிறேன். வந்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்து பாடுங்கள்.

காளியாத்தாள்